புறப்பாடு 11.30, வருகை 10.40

இன்னும் ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பது கிலோமீட்டர் என்றது முன்சீட்டின் முதுகில் பதித்திருந்த சின்னத் திரை. கோமதிநாயகம் அதை நாற்பத்திரண்டால் வகுத்துப் பார்த்தார். இருநூற்று இருபது தென்காசி. சங்கரன்கோவிலிலிருந்து தென்காசி நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஓட்ட நேரம் ஒன்றேகால் மணி. முப்பத்தொரு வருஷம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து, வருகிற பஸ்ஸுக்கும் போகிற பஸ்ஸுக்கும் நேரம் குறித்தே தலை நரைத்த மனுஷனுக்கு எந்தத் தூரமும் தென்காசியை வைத்துத்தான் பிடிபடும். மகள் வடிவு மூணாம் வகுப்பு படிக்கையில் நிலாவுக்கு எத்தனை தென்காசி என்று சிலேட்டில் போட்டுக் காட்டியிருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பதிமூவாயிரத்து அறுநூறு, அதாவது முந்நூற்று இருபத்து நாலு தென்காசி, பதினைந்து மணி பத்து நிமிஷம். மருமகன் போனில் அனுப்பியிருந்த பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது, ரெண்டு ஏர்போர்ட்டின் பெயரும் நடுவில் ஒரு வளைந்த கோடும் கோட்டின் மேல் தூரமும் கீழே நேரமும். எவ்வளவு சுளுவாகப் போட்டுவிட்டான். மூணு நிமிஷத்துக்கு ஒரு தென்காசியைத் தாண்டுகிறது இந்த விமானம், தாண்டி என்ன செய்ய, திரையில் இருக்கிற குட்டி விமானம் ஒட்டிவைத்த பொம்மை மாதிரி கடலுக்கு மேல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அங்கே பிள்ளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. இங்கே ஆரஞ்சு ஜூஸா ஆப்பிள் ஜூஸா என்று கேட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போகிறார்கள். ஏறுவதற்கு முக்கால் மணி முந்தித்தான் மருமகன் குமார் கூப்பிட்டது. சிங்கப்பூர் ஏர்போர்ட்டில், மீன் தொட்டி ஓரமாகப் போட்டிருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தபோது. “மாமா, பதறாதிய. வடிவுக்குத் திடீர்னு ரத்தம் போவுது. ஆஸ்பத்திரில சேத்துருக்கேன். எட்டு மாசங்கூட முடியலல்லா, முடிஞ்ச மட்டும் தள்ளிப் பாக்கோம், நிக்கலைன்னா ஆபரேசன் பண்ணி எடுத்துருவோம்ங்காங்க.” பதறாதே என்று சொன்னவனே அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டினான். ரெண்டு உசிருக்கும் ஒண்ணும் ஆகாதே என்று கேட்பதற்குப் பதில் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். தொட்டியில் ஒரு சிவப்பு மீன் கண்ணாடியை முட்டி முட்டித் திரும்பியதைப் பார்த்துக்கொண்டே நின்றார். விமானத்துக்குள் போனால் இண்டர்நெட் வரும், நான் மெசேஜ் போடுதேன் என்று குமார் சொல்லியிருந்தான். ஏறி உட்கார்ந்து வாரை மாட்டினதும் ஒரு பெண்குரல் இங்கிலீஷில் என்னவோ மன்னிப்புக் கேட்டது; இன்றைக்கு இண்டர்நெட் வேலை செய்யாதாம். அதோடு உலகம் அறுந்துவிட்டது. இனி ரெண்டு உசிர் இருக்கா இல்லையா என்பதை இறங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இருநூற்றுப் பத்தொன்பது தென்காசி.

அந்தப் போனிலேயே குமார் வடிவை வீடியோவில் காட்டினான், அரை நிமிஷம்தான். அந்த அரை நிமிஷம்தான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. பச்சைத் துணி போர்த்திப் படுத்திருந்தாள், உதடு வெளுத்து, முன்நெற்றி முடி வேர்வையில் ஒட்டி. “எப்பா, பயமாருக்கு. எப்ப வருவிய?” என்று கேட்டாள். பயமாருக்கு என்கிற பிள்ளையிடம் பெத்தவன் என்ன சொல்லணும்? பயப்படாத தாயி, அப்பா இருக்கேன் என்று சொல்லணும். கிளிக்குச் சொல்லிக்கொடுத்தால் கிளி சொல்லும். அவர் வாய் என்ன சொன்னது? “திங்கக்கெழம காலைல பத்து நாப்பதுக்கு.” அவ்வளவுதான். வடிவு கண்ணை மூடிக்கொண்டாள், போன் அணைந்துவிட்டது. இது இன்றைக்கு நேற்று வந்த நோய் இல்லை. வடிவு பிறந்த அன்றைக்கும் இப்படித்தான். தென்காசி ஆஸ்பத்திரியில் மனைவி உலகம்மாளுக்கு வலி எடுத்துவிட்டது என்று பஸ் ஸ்டாண்ட் போனுக்குத் தகவல் வந்தபோது மணி ரெண்டு முப்பத்தைந்து. ரெண்டு நாற்பதுக்கு ஒரு தென்காசி பஸ், மூணு பத்துக்கு ஒண்ணு, மூணு நாற்பதுக்கு ஒண்ணு. மாற்று ஆள் வரவில்லை. மாற்று ஆள் வராமல் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கக் கூடாது என்பது விதி. டிரைவர் மாடசாமி ஜன்னலில் தலையை நீட்டி, “ஏறும்வே, சர்க்காரு என்ன ஓடியா போயிரும்? ஒம்ம பொண்டாட்டி அங்கன கெடந்து கத்துதா, நீரு இங்கன பேனாவ உதறிக்கிட்டு இருக்கீரு” என்று திட்டினான். மூணு தென்காசி பஸ்ஸுக்கும் தன் கையாலேயே நேரம் போட்டு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார் கோமதிநாயகம். மாற்று ஆள் வந்து, நாலு பத்துக்குத்தான் கிளம்பினார். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து ரெண்டு மணி நேரம் ஆகியிருந்தது. உலகம்மாளுக்கு ரத்தம் நிற்காமல் போய், அவளுடைய அண்ணன் ரத்தம் கொடுத்து, அப்போதுதான் கண் திறந்திருந்தாள். வாசலில் நின்ற நர்சைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்குப் பிறந்தது என்பது. ஜாதகம் எழுத வேண்டாமா என்று நினைத்தாரா, பழக்கமா, என்ன எழவோ. உலகம்மாள் காதில் அது விழுந்துவிட்டது. சாகிறவரைக்கும் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காப்பியோடு சேர்த்து அதையும் கொடுத்தாள்: “இவுக என்னயப் பாக்க வரல கேட்டியளா. எம்புள்ள பஸ்ஸு எத்தன மணிக்கு வந்துச்சுன்னு எழுத வந்தாக.” எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார், கடைசியில் அவளும் சிரிப்பாள், ஆனால் அவள் சிரிப்பு மற்றவர்கள் சிரிப்பை விட ஒரு நொடி முந்தி நின்றுவிடும். அதை அவர் கவனிக்காமல் இல்லை. நேரம் பார்க்கிறவனுக்கு அதெல்லாம் தெரியும். மூணு வருஷத்துக்கு முன்னால் கிட்னி கெட்டு அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் இருந்திருந்தால் இந்த சீட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள், பேறுகாலம் பார்க்க அம்மாக்காரி போவதுதானே முறை. அம்மா இல்லாத பிள்ளை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அவரே கிளம்பினார். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளிடம் மருந்துப் பொடி இடிக்கக் கற்றுக்கொண்டு, பூண்டுக் குழம்பு வைத்துப் பழகி, காலை நீட்டி உட்கார்ந்து கால் மேல் ஒரு சுரைக்காயைப் படுக்கவைத்துக் குளிப்பாட்டிப் பார்த்து. “தலைக்கு மேல தண்ணி ஊத்துதியளே, புள்ளைக்கு மூச்சு முட்டாதா? கையைப் பொருத்திப் புடிங்க” என்று பேச்சியம்மாள் சத்தம் போட்டாள். மூணு சுரைக்காய் கீழே விழுந்தது. நாலாவது விழவில்லை.

வெள்ளிக்கிழமை டிக்கெட்டில் வந்திருந்தால் சனிக்கிழமையே போய்ச் சேர்ந்திருப்பார். சேர்ந்திருப்பார். சேர்ந்திருந்தால். எங்கே சுற்றினாலும் புத்தி இந்த இடத்தில்தான் வந்து தட்டுகிறது, ஆணியில் வேட்டி மாட்டின மாதிரி. முதலில் குமார் எடுத்தது வெள்ளிக்கிழமை டிக்கெட்டுதான், துபாய் வழி. டிக்கெட் போனில் வந்ததும் கோமதிநாயகம் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளி, மேற்கே சூலம். அன்றைக்கு மேற்கே போகிற பயணம் ஆகாது. அமெரிக்கா மேற்கேதானே இருக்கிறது, மேல்நாடு என்றுதானே சொல்கிறோம். ஸ்டாண்டில் வேலை பார்த்த காலத்திலும் காலையில் வந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து ராகுகாலம், எமகண்டம், சூலம் மூணையும் உரக்கப் படிப்பது அவர் வழக்கம். மாடசாமி கேலி பண்ணுவான்: “வெள்ளிக்கெழமயும் தென்காசி பஸ்ஸு மேக்கேதானவே போவுது? முப்பது டிரிப்பு போவுது. சூலம் யார குத்துச்சு? டயரத்தான் குத்தும்.” அது அரசாங்கப் பயணம், அதற்குச் சூலம் கிடையாது, நம்ம சொந்தப் பயணத்துக்குத்தான் என்பார் இவர். எப்படியெல்லாம் பதில் வைத்திருந்தார். குமாருக்குப் போன் போட்டு நாளை மாற்றச் சொன்னார். “மாமா, பிளேனுக்கு ஏது மாமா சூலம்?” என்று அவன் சிரித்தான். வடிவுதான் போனை வாங்கி, “அப்பா மனசுல ஒண்ணு விழுந்துட்டா வழி நெடுக அதையே நெனச்சுக்கிட்டு வருவாக. மாத்திருங்க” என்றாள். அப்புறம் இவரிடம், “அம்மா இருந்தா வியாழக்கெழமையே உங்க பையத் தூக்கிட்டுப் போயி எதுத்த வீட்டுல வச்சிருப்பா. பயணம் அன்னைக்கே தொடங்கியாச்சுன்னு முடிச்சிருப்பா” என்று சொல்லிச் சிரித்தாள். பரஸ்தானம்! நல்ல நாளில் பையை முன்னாலேயே வீட்டை விட்டு வெளியேற்றி வைப்பது. உலகம்மாள் எத்தனை தடவை செய்திருக்கிறாள், எதிர்வீட்டு நடையில் எத்தனை தடவை அவர் பை கிடந்திருக்கிறது. மகள் ஞாபகப்படுத்தியும் உறைக்கவில்லையே. பத்தடி தூரம். ரோட்டைத் தாண்டி ஒரு பையை வைத்திருந்தால் போதும். மாற்றினார்கள். திங்கட்கிழமை கிடைத்தது, சிங்கப்பூர் வழி. ஞாயிறு சாயங்காலம் வீட்டை விட்டு இறங்கினார், ஞாயிறும் மேற்கே சூலம்தான், ஆனால் ஞாயிறு திருச்சி வரைக்கும் வடக்கேதானே போகிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று மேற்குச் சூலத்துக்குப் பரிகாரமான வெல்லத்தை ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. அவர் வெல்லத்தைச் சப்பிக்கொண்டு காரில் வந்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம், வடிவின் ஞாயிற்றுக்கிழமையில், அவள் கட்டிலைத் தள்ளியிருக்கிறாள். போன வாரம் பேசும்போது எனக்குக் குளிர் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அதற்காக என்று குமார் போனிலேயே சொல்லிவிட்டான். “நீங்க படுக்கன்னு அந்த ரூம் கட்டில ஜன்னல் பக்கத்துலேர்ந்து தனியாத் தள்ளிப் போட்டிருக்கா மாமா. நான் கடைக்குப் போயிருந்தேன். அதனாலன்னு இல்ல மாமா, அதனால வராதுன்னுதான் டாக்டரும் சொல்லுதாங்க.” அதனால இல்லை என்று எதற்கு ரெண்டு தடவை சொல்லணும்? வெள்ளிக்கிழமை கிளம்பியிருந்தால் அந்தக் கட்டிலை அவரே தள்ளியிருப்பார். தள்ளவே வேண்டியிருக்காது, தரையில் பாயைப் போட்டுப் படுத்திருப்பார்.

“அண்ணே, அந்த மேப்பையே மொறைச்சுப் பாத்தா பிளேன் பயந்துகிட்டு வேகமாப் போயிடுமா?” என்றது பக்கத்து சீட்டு. அமிர்தவல்லி என்று பெயர் சொல்லியிருந்தாள் ஏறும்போதே, சிங்கப்பூர்க்காரி, அறுபது வயசு இருக்கும், மகனைப் பார்க்கப் பதினோராவது தடவையாகப் போகிறாளாம். கழுத்துக்கு ஒரு தலையணை, காலுக்குக் கம்பளி உறை, மடியில் முறுக்கு டப்பா என்று குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தட்டை அவர் தொடாமல் திருப்பி அனுப்பியதைப் பார்த்து, “சைவம்னு சொல்லியாச்சு, அப்பறமும் சாப்பிட மாட்டேங்கறீங்க, வயித்துக்கு மேல கோவமா?” என்று கேட்டு, அவர் திரையை விட்டுத் திரும்பாததால் விட்டுவிட்டிருந்தாள். இப்போது அவளிடம் சொல்லலாமா? எம்மகளுக்கு ரத்தம் போகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும். சொல்லாத வரைக்கும் அது போனுக்குள் இருக்கிற விஷயம். அவர் திரையைப் பார்த்தார். குட்டி விமானத்தின் மூக்கு வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரமாகவே அப்படித்தான் இருக்கிறது போல. வலது பக்கம். இடது பக்கம் நம்ம ஊர், அதற்கு இந்தப் பக்கம் சிங்கப்பூர், அதற்கும் இந்தப் பக்கம் சீனா, வலது ஓரத்தில் ஜப்பான். பள்ளிக்கூடத்தில் சுவரில் தொங்கின படத்தில் வலது பக்கம் என்றால். “தங்கச்சி,” என்றார், திரையில் விரலை வைத்து, “இது எந்தத் திசையில போவுது?” “கெழக்காலதான். ஜப்பானை ஒட்டிப் போயி, பெரிய கடலைத் தாண்டி அந்தாண்ட எறங்கிடும்.” “அமெரிக்கா மேக்கேல்லா இருக்கு?” “ஒலகம் உருண்டைதானே அண்ணே, எந்தப் பக்கம் போனாலும் வரும். சிங்கப்பூர்லேர்ந்து எப்பவும் இப்படித்தான், கெழக்குதான்.” சிங்கப்பூர் வரைக்கும் கிழக்கே வந்தது அவருக்குத் தெரியும். புளியங்குடியைச் சுற்றிப் போகிற பஸ் மாதிரி, கொஞ்சம் கிழக்கே போய் அங்கிருந்து மேற்கே திரும்பும் என்றல்லவா நினைத்திருந்தார். திரும்பவில்லை. திருச்சியில் ஏறினதிலிருந்து கிழக்கு, கிழக்கு, கிழக்கு. இன்றைக்கு என்ன கிழமை? அவருக்குக் காலண்டர் தாள் வேண்டாம். திங்கள், கிழக்கே சூலம். வெள்ளிக்கிழமையின் சூலத்துக்குப் பயந்து திங்கட்கிழமையின் சூலத்தின் மேல் தானாக ஏறி உட்கார்ந்து வாரை மாட்டியிருக்கிறார். மூணு நிமிஷத்துக்கு ஒரு தென்காசி வேகத்தில் அதை நோக்கியே போய்க்கொண்டிருக்கிறார். மேற்கே சூலத்துக்கான வெல்லத்தைச் சட்டைப் பையில் வேறு வைத்துக்கொண்டு. மாடசாமி கேட்டால் ஸ்டாண்டே இடிகிற மாதிரி சிரிப்பான். அவருக்கே சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு வழியில் என்னவோ ஆகி, கண்ணிலிருந்து இறங்கியது. அமிர்தவல்லி முறுக்கு டப்பாவை மூடினாள். “என்னண்ணே? என்ன ஆச்சு?” அப்போதுதான் சொன்னார். எல்லாவற்றையும், கட்டில் முதல் காலண்டர் வரை, வரிசை இல்லாமல். அவள் சிரிக்கவில்லை. “கெழக்குச் சூலத்துக்கு என்னா பரிகாரம்?” என்று மட்டும் கேட்டாள்.

தயிர். கிழக்கே போகிறவன் தயிர் சாப்பிட்டுவிட்டுப் படியிறங்க வேண்டும். ஏறும்போது சாப்பிட்டிருக்க வேண்டியது, இப்போது நடுக்கடலுக்கு மேலே, கிளம்பி அஞ்சு மணி நேரத்துக்கு அப்புறம். பஸ் போன பிறகு டிக்கெட் எடுக்கிற கதை. ஆனாலும் மனசு கேட்கிறதா? திருப்பி அனுப்பின தட்டில் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது, அதில் தயிர்தான் இருந்ததோ? அதைத் தொடாமல் அனுப்பியது எவ்வளவு பெரிய அகங்காரம். வந்த பரிகாரத்தை வேண்டாம் என்று கையால் தள்ளி. அமிர்தவல்லி தலைக்கு மேல் இருந்த பொத்தானை அமுக்கினாள். வந்த பெண் குனிந்து கேட்டாள், அமிர்தவல்லி இங்கிலீஷில் சொன்னாள், தயிர் என்பது அவர் காதில் யோகர்ட் என்று விழுந்தது. போனவள் வர ஆறு நிமிஷம், ரெண்டு தென்காசி. கொண்டுவந்தது உள்ளங்கை அகல டப்பா, மூடியில் சிவப்புப் பழத்தின் படம். பிரித்தால் உள்ளே ரோஸ் நிறத்தில் பிசின் மாதிரி என்னவோ இருந்தது. “வெள்ளைத் தயிர் தீந்துபோச்சாம், ஸ்ட்ராபெர்ரிதான் இருக்காம்” என்றாள் அமிர்தவல்லி, அவளே தப்புச் செய்த மாதிரி. இது தயிரில் சேர்த்தியா? பாலிலிருந்துதானே வந்திருக்கும்? உறை ஊற்றித்தானே? சூலத்துக்கு நிறம் தெரியுமா? ரத்தம் கலந்த மாதிரி இருக்கிறதே. இதை வாயில் வைக்கலாமா கூடாதா, வைத்தால் குற்றமா, வைக்காவிட்டால் குற்றமா என்று பிளாஸ்டிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கோமதிநாயகம் எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தார் என்பது அவருக்கே தெரியாது. “சாப்புடுங்கண்ணே,” என்றாள் அமிர்தவல்லி, “மக பேரைச் சொல்லிச் சாப்புடுங்க. என்னாவா இருந்தா என்னா.” சண்முகவடிவு என்று முழுப்பேரைச் சொல்லி முதல் வாய் போட்டார். தித்தித்தது. இத்தனை பயத்துக்கு நடுவில் நாக்குக்கு மட்டும் எப்படித் தித்திக்கிறது, வெட்கங்கெட்ட நாக்கு. ரெண்டாவது வாய்க்கு அந்தப் பிள்ளைக்குச் சொல்லப் பேர் இல்லை. சுரைக்காய் என்று வாய்க்குள் சொன்னார். கால் மேல் படுத்திருந்த நாலாவது சுரைக்காயின் கனம் தொடையில் அப்படியே இருந்தது. டப்பாவின் ஓரத்தைக் கரண்டியால் வழித்து வழித்து, ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல், பசித்த பிள்ளை மாதிரி சாப்பிட்டு முடித்தார். இருநூற்றுப் பத்து தென்காசி.

அப்புறம் ஜன்னலையெல்லாம் மூடச் சொன்னார்கள், உள்ளே விளக்கைக் குறைத்தார்கள். அவர் கைக்கடிகாரத்தில் சங்கரன்கோவில் நேரம் மத்தியானம் ரெண்டரை. தூங்கவில்லை, தூங்காமலும் இல்லை. கண்ணை மூடினால் பச்சைத் துணி, திறந்தால் குட்டி விமானம். என்ன செய்துகொண்டிருப்பார்கள் இப்போது அவளை? ஆபரேசன் அறையில் மணி இருக்குமா, சுவரில்? அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாளோ, பத்து நாற்பதுக்கு எவ்வளவு இருக்கிறது என்று? வேறு எதைப் பார்க்க, அப்பன் கொடுத்துவிட்டுப் போனது அது ஒன்றுதானே. யாரோ ஒரு கைப்பிள்ளை நாலைந்து வரிசை தள்ளி அழுதது, அழுகை நின்றதும் அவருக்குத் திக்கென்றது, ஏன் நின்றது, ஏன் நிற்கணும், அழட்டுமே. நூற்றைம்பது தென்காசி. நூற்று நாற்பது. பொழுது சாய்கிற நேரம் கைக்கடிகாரத்துக்கு மட்டும் வந்தது. நூற்றுப் பத்து என்கிற இடத்தில் அமிர்தவல்லி அவர் கையைத் தட்டினாள். “அண்ணே, இதோ பாருங்க, கோடு. இதைத் தாண்டினா ஒரு நாள் பின்னால போயிடும்.” “பின்னாலன்னா?” “திங்கக்கெழம திரும்ப முதல்லேர்ந்து வரும். நாம பதினொன்றரைக்குக் கெளம்பினோமா, பத்து நாப்பதுக்கு எறங்கிடுவோம், அதே திங்கக்கெழம. கெளம்புறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துடுவோம். எனக்குப் பதினோரு தடவையும் இது புரியல, நீங்க வேற கேக்காதீங்க.” புறப்பாடு பதினொன்று முப்பது. வருகை பத்து நாற்பது. இந்த ரெண்டு நேரத்தையும் டிக்கெட்டில் பார்த்திருக்கிறார், வடிவிடம் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அவர் ரிஜிஸ்டரில் எவனாவது இப்படி எழுதியிருந்தால் மெமோதான். புறப்படாத பஸ் எப்படிடா வந்து சேரும், தண்ணி போட்டுட்டு எழுதினியா என்று கேட்டிருப்பார். ஆனால் இதோ வானத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், படித்தவர்கள், விமானம் ஓட்டுகிறவர்கள், யாரும் மெமோ கொடுக்கவில்லை. கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். திங்கட்கிழமை திரும்ப வருகிறது என்றால், நடந்தது நடக்காமல் இருக்குமோ? கிளம்புகிற நேரத்துக்கு முந்தியே போய்ச் சேருகிறவன், குமார் போன் பண்ணுகிறதற்கு முந்தியே போய்விட முடியாதா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் ஞாயிறு, கட்டில், வேண்டாம் தாயி நான் தள்ளிக்கிடுதேன், இன்னும் கொஞ்சம் போனால் வெள்ளி, எதிர்வீட்டு நடை, பை, இன்னும் போனால் ரெண்டு முப்பத்தைந்து, மாடசாமி பஸ், ஏறும்வே, ஏறுதேன்வே, பேனாவை அப்படியே போட்டுவிட்டு ஏறுதேன், உலகம்மாளின் அண்ணன் ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் நான் போய் நிற்கிறேன். கோட்டைத் தாண்டும்போது விமானம் குலுங்கும், ஏதாவது அடையாளம் இருக்கும் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். குலுங்கவில்லை. குட்டி விமானத்தின் மூக்கு கோட்டின் அந்தப் பக்கம் போயிருந்தது. கைக்கடிகாரத்தில் நொடிமுள் எப்போதும் போல ஓடியது, ஒரு நொடிகூடத் தயங்காமல். அவருக்கு விளங்கிவிட்டது. நாள்தான் திரும்ப வரும். ரத்தம் திரும்ப உள்ளே போகாது.

அதற்கப்புறம் அவர் வகுத்துப் பார்க்கவில்லை. அஞ்சு மணி நேரமும் வடிவிடம் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், உதடு அசைய, முதல் நாள் வேலைக்குப் போகிறவன் மாதிரி. சக்கரம் தரையைத் தொட்டபோது ஜன்னலில் நல்ல வெயில், வேறொரு திங்கட்கிழமையின் காலை. விமானம் ஓடி நிற்கும் முன்னாலேயே அமிர்தவல்லி தன் போனைத் திறந்து நீட்டினாள். “உங்க போன் இங்க எடுக்காது, நம்பர் சொல்லுங்க.” நம்பர் எழுதின சீட்டு சட்டைப் பையில் வெல்லத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது, பிசுபிசுவென்று. மணி ஒரு தடவை அடித்தது, ரெண்டு தடவை, மூணாவதில் குமார் எடுத்துவிட்டான். “மாமா! எறங்கிட்டியளா? பொம்பளப் புள்ள மாமா. ஒண்ணேமுக்கா கிலோ. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருக்காங்க, தானா மூச்சு விடுது. காலைல அஞ்சு…” “நேரம் கெடக்கட்டும் மாப்ளே” என்றார் கோமதிநாயகம். முப்பத்தொரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. “எம்புள்ள எப்படி இருக்கா?” அந்தப் பக்கம் யாரோ நடந்து போகிற செருப்புச் சத்தம்தான் வந்தது. எத்தனை நொடி என்று அவர் எண்ணவில்லை. “ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்காங்க மாமா,” என்றான் குமார், அழுதிருந்த மூக்கோடு. “நின்னுரும்ங்காங்க. நின்னுருச்சுன்னு இன்னும் சொல்லல. அப்பப்ப கண்ணத் தொறக்கா, தொறந்தா அப்பா வந்தாச்சாங்கா.” “போன அவ காதுல வையி.” “கேக்குமான்னு தெரியாது மாமா.” “வையிங்கேன்.” துணி உரசுகிற சத்தம், ஏதோ ஒரு மெஷினின் சத்தம், டிக் டிக்கென்று ஒரே அளவாக. அதற்கு நடுவில் மூச்சு, ஈரமாக, சின்னதாக. அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். “பயப்படாத தாயி,” என்றார். “அப்பா வந்துட்டேன். பயப்படாத.” மெஷின் சத்தம் மட்டும் வந்தது. அவர் போனை அமிர்தவல்லி கையில் கொடுத்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்த பையை இழுத்துத் தோளில் மாட்டி நடைபாதையில் இறங்கினார். ஐம்பத்து நாலாம் வரிசை. முன்னால் ஐம்பத்து மூணு வரிசை ஆட்கள், மேலே கையை நீட்டிப் பெட்டியை இறக்குகிறவர்கள், ஸ்வெட்டர் மாட்டுகிறவர்கள், ஒரு செருப்பைத் தேடிக் குனிகிறவர்கள். கதவு அதோ தெரிகிறது, மிஞ்சினால் அறுபது மீட்டர். முந்நூற்று இருபத்து நாலு தென்காசியைத் தாண்டி வந்தாச்சு, இந்த அறுபது மீட்டர் நகரமாட்டேன் என்கிறது. எந்த பஸ்ஸையும் ஒரு நிமிஷம் முந்தி எடுக்க விடாதவர், படியில் நின்று கத்துகிற கண்டக்டர்களைக் கூப்பிட்டு, மரியாதையாச் சொல்லுங்கப்பா என்று கண்டித்தவர், கழுத்து நரம்பு புடைக்க, ஊர் பேர் தெரியாத அத்தனை பேரின் முதுகையும் பார்த்துச் சங்கரன்கோவில் தமிழில் கத்தினார். “வழி விடுங்க! எம்புள்ள இருக்கா அங்க, வழி விடுங்க!” பின்னாலிருந்து அமிர்தவல்லி இங்கிலீஷில் என்னவோ உரக்கச் சொன்னாள். ஒருவன் திரும்பிப் பார்த்துப் பெட்டியை மார்போடு அணைத்து ஒதுங்கினான். ஒருத்தி பிள்ளையை இழுத்துக்கொண்டு சீட்டுக்குள் ஏறி நின்றாள். ஒரு ஆள் அகலத்துக்கு நடுவில் வழி பிளந்தது. பையில் மருந்துப் பொடி மணக்க, சட்டைப் பையில் வெல்லம் உருக, அவர் ஓடினார், ஒரு கையால் அவர்களைத் தடவி ஒதுக்கிக்கொண்டே, “முன்னால போங்க, முன்னால போங்க, முன்னால போங்க.”